ஏற்காட்டில் ஒரு பகலுக்கு மேல் என்ன இருக்கிறது?

ஈரோட்டிலிருந்து நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: எழுபதைத் தாண்டிய அப்பாரு, அப்பத்தா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், எல்லோரையும் கூட்டிக்கொண்டு விடுமுறைக்கு ஒரு மலைக்குப் போக வேண்டும். ஊட்டி என்றால் கூட்டம், ஏற்காடு பக்கத்தில் இருக்கிறது, ஆனால் போய்வந்தவர்கள் எல்லாம் "ஏரி, லேடீஸ் சீட், பக்கோடா பாயிண்ட், மத்தியானச் சோறு, அவ்வளவுதான்" என்கிறார்கள். கூடவே பெரியவனுக்கு அந்த ஊரின் வரலாறு பற்றிப் பள்ளியில் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்கள், இணையத்தில் தேடினால் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவன், அம்மா வழிச் சொந்தங்களுக்கு மேலே நாகலூர் பக்கம் கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. அந்த மலைமேல் எனக்குப் பாசம் அதிகம், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நேரடியான பதில்: போங்கள், ஆனால் ஒரு பகலுக்காகப் போகாதீர்கள். இரண்டு இரவு தங்குங்கள், சனி ஞாயிறைத் தவிருங்கள், காரை ஓரமாக நிறுத்திவிட்டு நடங்கள். ஏற்காட்டைப் பாயிண்ட் பாயிண்டாகப் பார்த்துக்கொண்டே போனால் ஒன்றுமே இல்லை என்றுதான் தோன்றும், ஏனென்றால் அது சுற்றுலாவுக்கென்றே உண்டான ஊர் அல்ல. காப்பி விளைகிற ஒரு மலை, மலையாளிப் பழங்குடிகளின் கிராமங்கள், இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கடைவீதி, ஒரு ஏரி, இரண்டு மூன்று பழைய பள்ளிக்கூடங்கள். அது ஏன் அப்படி ஆனது என்று தெரிந்துகொண்டு போனால்தான் அங்கே எதைப் பார்ப்பது என்றே புரியும், அதனால் வரலாற்றை முதலில் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை உயரம்தான். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515 மீட்டர், அடிக்கணக்கில் ஐயாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த எழுநூறு மீட்டரில்தான் இரண்டு ஊர்களின் தலையெழுத்தும் வேறுவேறாகப் போனது. ஊட்டியில் குளிர்காலத்தில் உறைபனி விழும், காப்பிச் செடி கருகிப்போகும், ஆனால் வெள்ளைக்காரர்களுக்கு அந்தக் குளிர்தான் வேண்டியிருந்தது; சென்னை மாகாண அரசாங்கமே கோடை வந்தால் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு அங்கே ஏறிப்போனது, அதோடு கிளப், குதிரைப் பந்தயம், பூங்கா, கடைசியில் மலை ரயில் எல்லாம் வந்து சேர்ந்தன. ஏற்காட்டுக்கு அரசாங்கம் வரவில்லை. அந்த உயரமும் மழையும் அரபிகா காப்பிக்கு அளந்து வைத்த மாதிரி அமைந்துபோனதால் தோட்டக்காரர்கள் வந்தார்கள், அவர்கள் பின்னால் பாதிரிமார்களும் பள்ளிக்கூடங்களும் வந்தன. ஆகவே ஊர் சின்னதாகவே நின்றுவிட்டது. பலர் இதை ஏற்காட்டின் குறையாகச் சொல்வார்கள், என்னைக் கேட்டால் அந்த ஊரின் பெரிய பாக்கியமே அதுதான்.

இணையத்தில் நீங்கள் பார்த்த குழப்பத்தில் ஒன்றை இப்போதே தீர்த்துவிடலாம். "1842இல் சென்னை கவர்னர் சர் தாமஸ் மன்றோ ஏற்காட்டை அளந்தார்" என்று பல இடங்களில் எழுதியிருக்கும், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியது. மன்றோ 1827 ஜூலையிலேயே ஆந்திரப் பகுதியில் சுற்றுப்பயணத்தில் இருந்தபோது காலராவில் இறந்துவிட்டார், 1842இல் அவர் எதையும் அளந்திருக்க முடியாது. அவருக்கும் சேலத்துக்கும் தொடர்பு இல்லாமல் இல்லை, ஆனால் அது மிக முந்தைய கதை. 1792இல் திப்பு சுல்தானிடமிருந்து பாரமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு மாறியபோது அலெக்சாண்டர் ரீட் என்ற அதிகாரியின் கீழ் நிலவரி வேலை பார்க்க வந்த இளம் உதவியாளர்களில் மன்றோவும் ஒருவர், 1799 வரை இந்தச் சீமையில்தான் இருந்தார். பையன் கட்டுரையில் இதைச் சேர்த்து எழுதட்டும், அவனுடைய ஆசிரியருக்கும் பயன்படும்.

ஏற்காட்டுக்குக் காப்பி வந்த கதையில் வரும் பெயர் காக்பர்ன். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்தவர். காப்பியோடு ஆப்பிள், பேரி போன்ற பழமரங்களையும் இங்கே நட்டுப் பார்த்தார். இன்றைக்கும் ஊருக்குப் பக்கத்தில் கிரேஞ்ச் எஸ்டேட் என்று சொன்னால் அவர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள். பிறகு அவர் குடும்பம் நீலகிரிக்கு, கோத்தகிரிக்குப் போனது, அங்கேயும் காப்பி வைத்தார். 1829இல் சேலத்தில் பிறந்த அவருடைய மகள் மார்கரெட் காக்பர்ன் நீலகிரிப் பறவைகளை வண்ணத்தில் வரைந்து குறிப்பெழுதி வைத்தவர், அந்தப் படங்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சேலத்தில் பிறந்த ஒரு பெண் அந்தக் காலத்தில் இப்படி ஒரு வேலை செய்தார் என்பது சேலத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? எனக்கே நெடுநாள் தெரியாது.

ஆனால் "காக்பர்ன் கண்டுபிடித்தார்" என்ற சொல்லை மட்டும் பையனை எழுத விடாதீர்கள். அவர் ஏறிப்போனபோது மேலே ஊர்கள் இருந்தன. மலையாளிகள் என்று சொல்லப்படுகிற மக்கள், கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர்கள், பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று அவர்களே சொல்லிக்கொள்ளும் கதை ஒன்று உண்டு: மூன்று அண்ணன் தம்பிகள் புறப்பட்டு வந்தார்கள், பெரியண்ணன் ஏற்காடு இருக்கும் இந்தச் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள். சேர்வராயன் மலை அவர்கள் கணக்கில் சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று மூன்று நாடுகள். ஒவ்வொன்றுக்கும் தலைமை, ஊருக்கு ஊர் மூப்பன், வழக்கு தீர்க்கும் முறை எல்லாம் இருந்தன. ஏர் ஓடும் நிலத்தை உழவுக்காடு என்றும், சரிவில் ஏர் ஏறாமல் கொத்திப் பயிர்செய்யும் நிலத்தைக் கொத்துக்காடு என்றும் பிரித்து, சாமை, தினை, ராகி போட்டுச் சாப்பிட்டவர்கள். காப்பித் தோட்டங்கள் பெருகப் பெருக அந்தக் கொத்துக்காடுகள் சுருங்கின, பலர் தங்கள் மலையிலேயே கூலிக்குப் போனார்கள். ஏற்காட்டின் வரலாற்றை வெறும் பங்களாக் கதையாகச் சொல்கிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள், அது நியாயம் இல்லை. இன்றைக்கும் ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி என்பதிலிருந்தே இது யாருடைய மலை என்று தெரிந்துகொள்ளலாம்.

இன்னும் இரண்டு பேரைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் படிக்கும் எவரும் அவர்களைக் கும்பிடத்தான் வேண்டும், ஆனால் ஏற்காடு போகிற கார்கள் அவர்கள் பெயர் தெரியாமலே கடந்துபோகின்றன. ஒருவர் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் பாதிரியாராக இருந்தபோது ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர், பிறகு சென்னைக்கு வந்து மாநிலக் கல்லூரியில் பணிசெய்தவர், ஆயிரக்கணக்கில் தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி அச்சிட்டவர். அவர் கடைசிக் காலத்தில் தங்கி 1882இல் இறந்தது ஏற்காட்டில். இன்னொருவர் அவருடைய மருமகன், ராபர்ட் புரூஸ் ஃபுட். 1863 மே 30ஆம் தேதி சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியிலிருந்து கல்லாயுதம் ஒன்றை எடுத்தாரே, அந்த ஃபுட்தான். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்று அந்த ஒரு கல். நிலவியல் துறையில் வேலை பார்த்தவர், ஓய்வுக்குப் பிறகு ஏற்காட்டைத் தன் ஊராக்கிக்கொண்டார், வாழ்நாளெல்லாம் சேர்த்த கற்களையும் பானை ஓடுகளையும் சென்னை அருங்காட்சியகத்துக்கு விலைக்குக் கொடுத்தார், எழும்பூரில் இப்போதும் இருக்கின்றன. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார், அவர் நினைவிடம் ஏற்காடு ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இருக்கிறது. 1853இல் எழுந்த கோயில் அது. சேர்வராயன் மலையிலேயே வழவழப்பாகத் தேய்த்த புதிய கற்காலக் கோடரிகள் கிடைத்திருக்கின்றன, அப்படிக் கிடைத்ததை ஊர்க்காரர்கள் மரத்தடியில் வைத்துச் சாமியாகக் கும்பிட்டார்கள் என்பதையும் அந்தக் காலத்துக் குறிப்புகளில் பார்க்கலாம். பையனைக் கட்டாயம் அந்தத் தேவாலயத்துக்குக் கூட்டிப்போங்கள். பராமரிப்பவர்களிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், அமைதியாக ஒரு சுற்று வாருங்கள், கட்டுரைக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது.

பள்ளிக்கூடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சேக்ரட் ஹார்ட் 1894இல் தொடங்கியது, மான்ட்ஃபோர்ட் 1917இல். சேலத்துக்கு ரயில் 1860களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டதால் சென்னையிலிருந்து குடும்பங்கள் பிள்ளைகளை இங்கே விட முடிந்தது, அந்தப் பள்ளிகளை நம்பியே பாதிக் கடைவீதி பிழைத்தது. அடிவாரத்துக்குப் போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தின் வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது. 1930களில் டி.ஆர். சுந்தரம் தொடங்கியது, ஒரு காலத்தில் மலையில் படப்பிடிப்பு என்றால் காலையில் ஏறி மாலையில் இறங்கிவிடும் தூரத்தில் இருந்தார்கள். அப்பாருவிடம் அந்த வளைவைக் காட்டுங்கள், அவரே உங்களுக்கு அரைமணி நேரம் கதை சொல்வார்.

சரி, மலைக்கு வருவோம். சேலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர், அடிவாரம் வழியாகப் போனால் 20 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70 என்று பார்க்கும்போது இது சுலபம், ஆனால் வளைவுகள் நெருக்கமானவை. பிள்ளைகளுக்கு வாந்தி வரும் என்றால் வயிறு முட்டச் சாப்பிட வைத்து ஏற்றாதீர்கள். எதிரே ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதலில் வழிவிட வேண்டும். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். 2024 ஏப்ரல் கடைசியில் ஒரு தனியார் பேருந்து இந்தப் பாதையில் கவிழ்ந்து உயிர்கள் போயின, சமவெளியில் ஓட்டிப் பழகியவர்கள் இங்கே அதே வேகத்தைக் காட்டக்கூடாது. குப்பனூர் வழியாக இன்னொரு பாதை இருக்கிறது, கூட்ட நாட்களில் அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்குவார்கள். மழைக்காலத்தில் கிளம்பும் முன் பாதை திறந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்; 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது.

முதல் நாள் மாலை ஏரிக்கரையோடு நிறுத்திக்கொள்ளலாம். படகு, மிளகாய் பஜ்ஜி, அண்ணா பூங்கா, பிள்ளைகளுக்கு அது போதும். ஏரியைப் பற்றி எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. இதில் நிறைந்து வழிகிற தண்ணீர்தான் ஓடையாகப் போய்க் கிளியூர் அருவியாக விழுகிறது, சுமார் 300 அடி உயரம். அப்படியானால் ஏரிக்குள் ஊரும் விடுதிகளும் எதை விடுகின்றனவோ அதுதான் அருவியில் குளிக்கிறவன் தலையில் விழும். கழிவுநீர் கலக்கிறது என்ற புகாரும், ஆகாயத்தாமரை படர்வதும், அதை அள்ளுவதும் ஆண்டுக்கணக்காக நடந்துகொண்டே இருக்கின்றன. நீங்கள் தங்கப்போகும் இடத்தில் கழிவுநீரை என்ன செய்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அறை எடுங்கள். பத்துப் பேர் கேட்டால் பதினொன்றாவது ஆள் வரும்போது பதில் தயாராக இருக்கும்.

இரண்டாம் நாள் விடியலில் எழுந்து சேர்வராயன் கோயிலுக்குப் போங்கள். 5,326 அடி, இந்த மலைத்தொடரின் உச்சியில், உச்சி என்றதும் கூராக இருக்கும் என்று நினைக்காதீர்கள், மேசை மாதிரித் தட்டையான புல்வெளி. குகைக்குள் குனிந்துதான் போக வேண்டும், உள்ளே சேர்வராயரும் காவேரி அம்மனும். அந்தக் குகை காவிரி வரைக்கும் போகிறது என்பது மக்களின் நம்பிக்கை. மே மாத வாக்கில் திருவிழா, மலையில் உள்ள அத்தனை ஊரும் அன்றைக்கு அங்கே கூடிவிடும். அந்தத் தட்டையான உச்சிக்கு ஒரு காரணம் உண்டு. இந்த மலை சார்னோகைட் என்ற மிகப் பழைய, கெட்டியான கருநீலப் பாறையால் ஆனது. உச்சியில் லட்சக்கணக்கான ஆண்டு மழையும் வெயிலும் அதை அரித்துக் கரைத்து, கரையாத அலுமினியம் மட்டும் செம்மண் தொப்பியாகத் தங்கிவிட்டது. அதுதான் பாக்சைட். 1960களில் மேட்டூரில் தொடங்கிய அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் அதை வெட்டிக்கொண்டு போனார்கள், லாரிகள் இரவும் பகலும் இறங்கின. இப்போது அந்த வேலை நின்றுவிட்டது. மண்ணை வெட்டிய இடம் எது, வெட்டாத இடம் எது என்று உச்சியில் நின்று பார்த்தாலே பழகிய கண்ணுக்குத் தெரியும்.

லேடீஸ் சீட்டை மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பகலில் பார்த்தால் கீழே சேலத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள் தெரியும், அவை மேக்னசைட் சுரங்கங்கள், மேலே காப்பியும் கீழே வெள்ளைக்கல்லும் என்று நிலத்தின் கணக்கை ஒரே பார்வையில் காட்டும் இடம் அது. வானம் தெளிந்திருந்தால் மேட்டூர் நீர்த்தேக்கமும் தெரியும். இருட்டியதும் சேலம் முழுக்க விளக்கு. அப்பத்தாவுக்கு உட்காரவும் இடம் உண்டு, காரிலிருந்து அதிகம் நடக்கவும் வேண்டாம். பக்கோடா பாயிண்ட் மறுபக்கம், அங்கே காலையில் போவதுதான் நல்லது. பழங்குடி மக்கள் அடுக்கிய கல்குவியல்கள் கோபுரம் மாதிரி இருந்ததால் வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர், இப்போது ராமர் கோயில் இருக்கிறது. கரடிக் குகை, ரோஜாத் தோட்டம் எல்லாம் நேரம் இருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

ஆனால் ஆர்க்கிடேரியத்தை விடாதீர்கள். இந்தியத் தாவரவியல் துறை 1960களில் தொடங்கிய தோட்டம், மரக்கிளையிலும் தொட்டியிலும் விதவிதமான ஆர்க்கிட்கள், பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியும் உண்டு, அதைப் பார்த்தால் பிள்ளைகள் அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்கள். சேர்வராயன் மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற அரிய சிறுமரம் இந்த மலைக்கே உரியது, வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அது அருகிப்போகும் நிலையில் இருக்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களிடம் கேளுங்கள், ஆர்வமாகக் கேட்கிறவர்களுக்கு விளக்கிச் சொல்வார்கள்.

இனி நடை. ஏற்காட்டின் உண்மையான சுகமே இங்கேதான் இருக்கிறது. ஊரிலிருந்து கிராமங்களைச் சுற்றித் திரும்பவும் ஊருக்கே வந்துசேரும் சாலை ஒன்று உண்டு, லூப் ரோடு என்பார்கள், 32 கிலோமீட்டர். பெரும்பகுதி காப்பித் தோட்டங்களின் நிழலிலேயே போகும். சைக்கிள்காரர்களுக்கு அது சொர்க்கம், சேலத்திலிருந்து விடியலில் மிதித்து ஏறி இதையும் சுற்றி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் முழுவதும் போக வேண்டாம், காரில் கொஞ்ச தூரம் போய் ஒரு கிராமத்தில் நிறுத்திவிட்டு இரண்டு கிலோமீட்டர் நடந்தால் போதும். சில்வர் ஓக் மரங்கள் நெட்டுக்கு நிற்கும், ஒவ்வொன்றிலும் மிளகுக் கொடி சுற்றியிருக்கும், கீழே இடுப்பளவு காப்பிச் செடி. அந்த நிழல் அழகுக்காக விட்டதல்ல. அரபிகா காப்பியின் பெரிய எதிரி தண்டுத் துளைப்பான் வண்டு, வெயில் படுகிற தண்டில்தான் அது முட்டையிடும், நிழல் குறைந்தால் தோட்டமே போய்விடும். வண்டு புகுந்த செடியை வேரோடு பிடுங்கி எரிப்பதைத் தவிர வழியில்லை. பட்டையின் வெடிப்பில் முட்டை தங்கக்கூடாது என்று ஒவ்வொரு செடியாகக் குனிந்து தண்டைத் தேய்த்துக்கொண்டே போவார்கள், அது எவ்வளவு பெரிய வேலை என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

நீங்கள் எந்த மாதம் போகிறீர்கள் என்பதைப் பொறுத்துக் காட்சி மாறும். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்து பத்து நாள் கழித்துக் காப்பி பூக்கும், கிளை முழுக்க வெள்ளை, மல்லிகையை நினைவூட்டும் வாசனை, மூன்று நான்கு நாளில் உதிர்ந்துவிடும். அதைக் குறிவைத்துப் போக முடியாது, அமைந்தால் அமைந்ததுதான். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பழம் எடுப்பு. அப்போது போனால் ஏதாவது ஒரு தோட்டத்தில் அனுமதி கேட்டுக் களத்தைப் பாருங்கள். சிவந்த பழத்தை விரலில் அழுத்தினால் வழுக்கிக்கொண்டு இரண்டு கொட்டைகள் வெளியே வரும், அதன்மேல் இருக்கும் பசை தித்திக்கும். பல்பர் என்ற எந்திரத்தில் தோலை நீக்கி, தொட்டியில் போட்டுப் பசை கழன்றதும் கழுவிக் களத்தில் காயவைப்பார்கள், மரப்பலகையால் நாள் முழுக்கக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க ஒரு கொட்டையை எடுத்துப் பல்லில் கடிப்பார்கள். பல் பதிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, டக்கென்று நின்றால் மூட்டை கட்டலாம். மாமா கடித்துப் பார்த்துவிட்டு "இன்னிக்கும் ஒரு வெயில் வேணும்" என்று சொன்னால் மறுபேச்சே கிடையாது. ஈரம் அளக்கும் எந்திரம் இருக்கிறது, இருந்தாலும் கடித்துப் பார்க்காமல் விட மாட்டார்.

கிளியூர் அருவிக்குச் செப்டம்பர் முதல் நவம்பர் வரைதான் சரியான காலம், ஏப்ரல் மே மாதத்தில் போய்விட்டுத் தண்ணீரே இல்லை என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை. இறங்கும் படிகள் செங்குத்தானவை, இறங்குவதைவிட ஏறுவது சிரமம், அப்பாருவும் அப்பத்தாவும் மேலேயே இருக்கட்டும். மே மாதக் கோடை விழாவில் மலர்க் கண்காட்சி, படகுப் போட்டி, நாய்க் கண்காட்சி எல்லாம் நடக்கும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் அந்த வாரத்தில் அறை வாடகையும் நெரிசலும் இரட்டிப்பாகும். குளிர் என்று பயந்து கம்பளி மூட்டை கட்ட வேண்டாம், டிசம்பர், ஜனவரியில் மட்டும் பெரியவர்களுக்கு ஸ்வெட்டரும் மப்ளரும் வேண்டும்.

காட்டுக்குள் நடப்பது பற்றி ஒரு எச்சரிக்கை. சாலையிலும் ஊர்ப் பாதையிலும் நடக்க யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் காப்புக்காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி குரங்கணித் தீயில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு இதில் கறாராக இருக்கிறார்கள், அது சரிதான். 2024இல் அரசே மலையேற்றப் பாதைகளை வகுத்து, இணையத்தில் பதிவுசெய்து வழிகாட்டியோடு போகும் ஏற்பாட்டைத் தொடங்கியிருக்கிறது, பையன் கொஞ்சம் பெரியவனானதும் அதில் போகலாம். இந்த மலையில் யானை கிடையாது, ஆனால் காட்டெருமை உண்டு, தோட்டத்துக்குள்ளேயே மேயும், விடியலிலும் அந்தியிலும் சாலைக்கும் வரும். பார்ப்பதற்குச் சாதுவாக நிற்கும், செல்ஃபி எடுக்கக் கிட்டப் போகக்கூடாது, வண்டி விளக்கைத் தாழ்த்தி நின்று அது கடந்த பிறகு போங்கள். குரங்குக்குத் தின்பண்டம் போடாதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலும் பையும் எடுத்துப் போனால் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள், மலையில் வீசியதை எடுத்துப்போக ஆள் கிடையாது, மழையோடு அது கிளியூருக்குத்தான் போகும்.

ஊட்டியா ஏற்காடா என்றும் கேட்டிருந்தீர்கள். ரயில், பெரிய பூங்கா, குளிர் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டால் ஊட்டிக்கே போங்கள், 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுத்துவிட்டுத்தான் ஏற வேண்டும் என்பதை மட்டும் கவனியுங்கள். அப்பாரு, அப்பத்தாவோடு நிதானமாக உட்கார்ந்து பேச வேண்டும், பையன் ஒரு மலையின் கதையைக் கண்ணால் பார்த்து எழுத வேண்டும் என்றால் ஏற்காடுதான். திரும்பும்போது அவசரம் இல்லாவிட்டால் அடிவாரத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் பிள்ளைகளை இறக்கிவிடலாம், சேலத்துக்குள் நுழைந்தால் தட்டுவடை செட் சாப்பிடாமல் வராதீர்கள்.

காப்பி வாங்குவதென்றால் ஏரிக்கரையில் பளபளக்கும் பாக்கெட்டை எடுக்காமல், கடைவீதியில் தோட்டத்துக் கொட்டையை வறுத்து அரைத்துத் தருகிற கடையாகக் கேட்டுப் போங்கள். சிக்கரி எவ்வளவு என்று அவர்களே கேட்பார்கள், முதல் தடவை சிக்கரியே வேண்டாம் என்று சொல்லி அரைக்கிலோ வாங்கிப் பாருங்கள். மிளகும் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம், பழம் எடுப்பு முடிந்த பிறகு, பிப்ரவரி, மார்ச்சில் புது மிளகு வரும்.